காவடிச் சோறு முதல் கைப்பேசிச் சோறு வரை



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விழுக்காட்டுக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலில் உள்ள கணக்குகளை முடித்த பிறகு, அவர்கள் அன்றாடம் காணும் ஒன்றிலிருந்து ஒரு கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். ஓர் உணவகத்தில் சாப்பாட்டின் விலை 10 ரிங்கிட். அதனைக் கைப்பேசிச் செயலி வழியாக விற்றால், விற்பனை விலையில் 30 விழுக்காட்டைச் செயலி நிறுவனம் தரகாக எடுத்துக்கொள்ளும். கடைக்காரரின் கைக்கு 10 ரிங்கிட் குறையாமல் வரவேண்டுமானால் செயலியில் என்ன விலை போட வேண்டும்?

"13 ரிங்கிட், டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் கூவியது.

சரி, 13 ரிங்கிட்டுக்கு 30 விழுக்காடு எவ்வளவு என்று கேட்டேன். 3 ரிங்கிட் 90 சென். மீதம்? 9 ரிங்கிட் 10 சென். வகுப்பு அமைதியானது. பத்து நிமிடம் போராடிய பிறகே ஒரு மாணவி 14 ரிங்கிட் 29 சென் என்ற விடைக்கு வந்தாள். பத்தை ஏழால் வகுத்துப் பத்தால் பெருக்க வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தாள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

இந்தக் கணக்கு என் கற்பனையில் உதித்ததன்று. எங்கள் பள்ளிக்கு அருகில் உணவகம் நடத்தும் பெரியவர் ஒருவர் 2020ஆம் ஆண்டில் இதே பிழையைச் செய்தார். 10 ரிங்கிட் சாப்பாட்டுக்குச் செயலியில் 13 என்று விலை வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி ஏறக்குறைய மூன்று மாதம் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் 90 சென்னை இழந்துகொண்டிருந்தார். அவருடைய மகள் என் பழைய மாணவி. கணக்கியல் படித்தவள். அவள்தான் ஒருநாள் வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு விளக்கினாள்.

பிள்ளைகளுக்கு இதனைக் கற்பித்த அன்று மாலை எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. உணவைச் சமைத்து, சுமந்து சென்று, உண்பவர் இருக்கும் இடத்திலேயே கொடுப்பது நம்மவர்களுக்குப் புதிய தொழிலா? இந்த நாட்டில் நம் உணவுத் தொழில் தொடங்கியதே அப்படித்தானே!

நாசி கண்டாரை எடுத்துக்கொள்வோம். 'நாசி' என்றால் சோறு. 'கண்டார்' என்றால் தோளில் தடி வைத்து இரு பக்கமும் சுமை தொங்கவிட்டுத் தூக்குதல். இரண்டும் மலாய்ச் சொற்கள். ஆனால் அந்தச் சுமையைத் தூக்கியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். இராமநாதபுர வட்டாரத்திலிருந்தும் பிற தமிழ் ஊர்களிலிருந்தும் பினாங்குக்கு வந்தவர்கள். தைப்பூசக் காவடி பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்குவது மிக எளிது. தடியின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். விடியற்காலையிலேயே புறப்பட்டு, துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்கும் இடத்திற்கே சோறு போய்ச் சேரும். அவர்களிடம் உணவகம் தேடிச் சென்று அமர்ந்து உண்ண நேரமும் இல்லை, காசும் இல்லை. ஆகவே உணவகம் அவர்களைத் தேடிச் சென்றது.

அந்தக் காவடி பின்னர் மரநிழலில் நின்றது. பிறகு ஐந்தடிப் பாதையில் ஒட்டிக்கொண்டது. இறுதியில் கடையாக நிலைபெற்றது. ஜார்ஜ் டவுன் கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா உணவகம் தன் தொடக்கத்தை 1907ஆம் ஆண்டு என்று சொல்கிறது. நூறாண்டு கடந்தும் மக்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

ரொட்டிக்காரர் மிதிவண்டியிலும் பின்னர் மோட்டார் சைக்கிளிலும் வந்தார். கச்சான் பூத்தே விற்றவர் தலையில் தட்டைச் சுமந்து வந்தார். என் வயதொத்தவர்களுக்கு அந்த ஒலிப்பான் சத்தம் இன்னும் காதில் இருக்கும். அதனை விரித்து எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

அடுத்தது அடுக்குச் சட்டி. மலாய்க்காரர்கள் 'மங்கோக் திங்காட்' என்பார்கள். ரயில்வேயிலும் பொதுப்பணியிலும் நகராட்சியிலும் வேலை செய்த தனி ஆடவர்களுக்கு, பக்கத்துக் குடும்பங்களில் உள்ள பெண்கள் சமைத்து அடுக்குச் சட்டியில் அனுப்பினார்கள். கீழ்த் தட்டில் சோறு, அதன்மேல் குழம்பு, அதற்கும் மேலே காய்கறி, உச்சியில் அப்பளமோ ஊறுகாயோ. மதியம் ஒரு சட்டி போகும், முந்தைய நாளின் காலிச் சட்டி திரும்பி வரும். சம்பள நாளில் மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறி, நம் மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலத்தில், இப்படி அடுக்குச் சட்டி அனுப்பிய குடும்பங்கள் சில சிறு கடைகளைத் திறந்தன. நான் மேலே சொன்ன பெரியவரின் உணவகமும் அப்படிப் பிறந்ததே. அவருடைய தாயார் செந்தூலில் பதினெட்டுச் சட்டி அனுப்பியவராம்.

இங்கே 555 புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உள்ளங்கையில் அடங்கும் சிறு குறிப்புப் புத்தகம். அட்டையில் பெரிய எழுத்தில் 555 என்றிருக்கும். மலாயாவில் கடன் கணக்கு என்றாலே அந்தப் புத்தகம்தான். சீனர் மளிகைக் கடையிலும் அதுவே, நம் சாப்பாட்டுக் கடையிலும் அதுவே. பெரியவர் தம் பழைய புத்தகங்களை ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். ஒருநாள் எனக்குக் காட்டினார். உள்ளே முழுப் பெயர் ஒன்றுகூட இல்லை! 'ரயில் அண்ணன்', 'லாரி தம்பி', 'பச்சை வீட்டு அக்கா', 'கண்ணாடி கிராணி' என்று அழகிய தமிழ்க் கையெழுத்தில் இருந்தது. சில பெயர்களின் பக்கத்தில் 'உப்பு குறைவு', 'வெள்ளி சைவம்', 'மாட்டிறைச்சி கூடாது' என்ற குறிப்புகள். கடனுக்காக எழுதப்பட்ட புத்தகம்தான். ஆயினும் ஓர் உணவகம் தன் வாடிக்கையாளரை எவ்வளவு அறிந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் இத்தகைய ஆவணங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். குடும்பத்தினர் தூக்கி எறிவதற்கு முன்!

இனி, செயலிகளின் காலத்திற்கு வருவோம்.

தொலைபேசியில் அழைத்தால் உணவு வீட்டுக்கு வரும் என்ற பழக்கத்தை நகர மக்களிடையே பரப்பியதில் பீட்சா கடைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. டோமினோஸ் 1997இல் மலேசியாவுக்கு வந்தது. நம் உணவகங்கள் அதனைக் கண்டு அலட்டிக்கொள்ளவில்லை. 'தாபாவ்' இருக்கும்போது வேறென்ன வேண்டும்? வந்து, வாங்கி, கட்டிக்கொண்டு போவார்கள் என்பதே அன்றைய நிலை. 2012ஆம் ஆண்டில் ஃபூட்பண்டா இங்கே தொடங்கியது. அதே ஆண்டில்தான் அந்தோணி டான், டான் ஹூய் லிங் என்னும் இரு மலேசியர்கள் 'மைதெக்சி' என்ற வாடகைக்கார்ச் செயலியைக் கோலாலம்பூரில் தொடங்கினார்கள். அதுவே பின்னர் கிராப் ஆனது. 2018 மார்ச்சில் ஊபரின் தென்கிழக்காசியத் தொழிலைக் கிராப் வாங்கியது. அந்த ஆண்டிலேயே கிராப்ஃபூட் மலேசியாவில் காலூன்றியது. அப்போதும் பெரியவரின் கடைக்கு இளைஞர் ஒருவர் சட்டைப்பையில் அட்டையுடன் வந்து விளக்கிவிட்டுப் போனாராம். "அந்தப் பக்கம் நிக்கிற மனுசன் யாருன்னு தெரியாம எப்படி டீச்சர் சோறு போடுறது?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த நாள். கடையில் அமர்ந்து உண்ணத் தடை. கட்டிக்கொண்டு போகலாம், அல்லது அனுப்பி வைக்கலாம். பள்ளிகள் மூடப்பட்டன, அலுவலகங்கள் மூடப்பட்டன. மதியம் நூறு இலை விரிந்த கடையில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்கள். மே மாதத் தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோதும் மேசைகளுக்கிடையே இடைவெளி விட வேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் பல மாநிலங்களில் மீண்டும் தடை, பிறகு தளர்வு, மீண்டும் ஜூன் 1 முதல் நாடு முழுவதும் முழு முடக்கம். வாடகைக்கும் வேலையாட்களின் சம்பளத்திற்கும் எந்த முடக்கமும் இல்லை. அந்த நாள்களில் பெரியவர் சொன்னது ஒரே வரி: "எங்கம்மா சட்டி அனுப்பிச்ச மாதிரி நானும் அனுப்பணும், அவ்வளவுதானே?" மகள் பதிவு செய்தாள். கல்லாவின் பக்கத்தில் ஒரு தட்டைக் கணினி வந்து அமர்ந்தது.

ஆனால் தாயாரின் சட்டிக்கும் இதற்கும் நிறைய வேறுபாடு இருந்தது. முதல் சிக்கல் இலையிலேயே தொடங்கியது. வாழை இலைச் சாப்பாட்டின் உயிர் எங்கே இருக்கிறது? நான் எண்ணிப் பார்த்தவரை, இரண்டாம் முறை பரிமாறுவதில் இருக்கிறது. முதலில் வைக்கும் சோறு ஒரு தொடக்கம். சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்திற்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று உண்பவரின் இலையைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். போதும் என்றால் இலையை மடிக்கலாம். இதனை எப்படிப் பெட்டியில் அடைப்பது? 'வேண்டிய அளவு' என்பதைச் செயலியில் எழுத முடியாது. அளந்துதான் ஆக வேண்டும். சோறு இத்தனைக் கரண்டி, காய்கறி மூன்று வகை, ரசம் ஒரு சிறு நெகிழிப் பை, அப்பளம் நமுத்துப் போகாமல் இருக்கத் தனிப் பை. முதல் வாரத்தில் பெரியவர் தாராளமாக அள்ளி வைத்தாராம். பெட்டி மூடாமல் போனது. வழியில் ரசம் கொட்டி, வாடிக்கையாளர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். நாற்பதாண்டுக் கைப்பக்குவத்துக்கு ஒரு நட்சத்திரம்!

நாசி கண்டார் கடைகளுக்கும் இதே தொல்லைதான். அங்கே வாடிக்கையாளர் கண்ணாடிக்கு அப்பால் விரலை நீட்டி, அந்தத் துண்டு வேண்டாம், இதைப் போடுங்கள் என்று தேர்ந்தெடுப்பார். பல குழம்புகளைக் கலந்து சோற்றின்மேல் வெள்ளமாக ஊற்றுவதற்கு 'பாஞ்சிர்' என்றே பெயர். விரல் நீட்டும் வாய்ப்பில்லாதபோது அது வெறும் 'கோழிக் குழம்புடன் சோறு' ஆகிவிடுகிறது. ரொட்டி சானாய் பெட்டியின் ஆவியில் துவண்டு போகும். தே தாரிக் மட்டும் பரவாயில்லை. நெகிழிப் பையில் ஊற்றி ரப்பர் வளையம் கட்டும் கலையில் நாம் ஏற்கெனவே தேர்ந்தவர்கள் அல்லவா.

இரண்டாவது சிக்கல் பெயர். ஒருநாள் மாலை பெரியவரின் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், செயலியில் உணவுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் போடணும். தோசையை எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். பார்த்தால் சிறிய கேள்வி. ஒரு கடை ஒரு விதமாக எழுதுகிறது, இன்னொரு கடை இன்னொரு விதமாக எழுதுகிறது. தேடுபவர் எந்த எழுத்தில் தொடங்குவாரோ யாருக்குத் தெரியும்? இவள் ஒரு வழி எழுதி, அவர் மற்றொரு வழி தேடினால் கடை கண்ணில் படாமலே போகலாம். தோசைக்காவது பெயர் தப்பியது. கூட்டு, பொரியல், துவையல், மசியல், பச்சடி எல்லாம் 'காய்கறி 1', 'காய்கறி 2' என்று ஆகிவிட்டன. பாகற்காய்ப் பொரியலுக்கும் வாழைப்பூக் கூட்டுக்கும் ஒரே பெயர்.

ஆசிரியர்களே, இதனை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அந்தக் கடை வாயிலில் ஒரு கரும்பலகை இருந்தது. 'இன்றைய சிறப்பு' என்று தலைப்பிட்டுப் பெரியவர் தம் கையால் அன்றாடம் எழுதுவார். பள்ளி முடிந்து பெற்றோருடன் வரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் அதனை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். 'வெண்டைக்காய்', 'சுண்டைக்காய்' என்று அவர்கள் ணகரத்தைக் கற்ற பலகை அது. பாடநூலுக்கு வெளியே தமிழ் எழுத்தைக் காணும் இடங்கள் நம் பிள்ளைகளுக்கு எத்தனை இருக்கின்றன? கோயில், உணவகம், மளிகைக் கடை. அவ்வளவுதான். சோறு வீட்டுக் கதவுக்கு வரும்போது கரும்பலகை கூடவே வருவதில்லை.

மூன்றாவதுதான் பணம். 30 விழுக்காடு அளவிலான தரகைப் பற்றி உணவக உரிமையாளர்கள் அந்த ஆண்டுகளில் நிறையவே குறைப்பட்டுக்கொண்டார்கள். செயலி நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. உணவைக் கொண்டு செல்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், விளம்பரம் செய்ய வேண்டும், பணத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும். அத்துடன், 555 புத்தகத்தில் வராக்கடனாய்ப் போன தொகையை இன்று யாரும் கணக்கிடுவதில்லை. செயலியில் கடன் இல்லை. விற்பனைப் பதிவு ஒவ்வொரு சென்னுக்கும் இருக்கிறது. அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கும் துணிவு பெரியவரின் மகளுக்கு வந்திருக்கிறது. மறுபுறம், ஒரு சாப்பாட்டின் விலையில் அரிசி, மீன், எரிவாயு, வாடகை, சம்பளம் போக மிஞ்சும் சிறு தொகையைவிடத் தரகு பெரியது என்பதும் உண்மை. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் முணுமுணுக்கிறார். ஏற்றாவிட்டால் வீட்டுக்காரர் சட்டியைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. வாடிக்கையாளர் யார், என்ன உண்கிறார், எந்த நாளில் எதனைத் தவிர்க்கிறார் என்ற அந்தப் பிஸ்கட் டப்பாவின் அறிவு இப்போது செயலி நிறுவனத்திடம் இருக்கிறது. கடைக்காரருக்குத் தெரிவது ஓர் எண்ணும் ஒரு சுருக்கப் பெயருமே. நாளை அந்த நிறுவனம் அவருடைய கடையைத் திரையில் கீழே தள்ளினால், தம் பழைய வாடிக்கையாளர்களைத் தேடிச் சென்று "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்ல அவரிடம் முகவரி இல்லை. தாயாருக்குப் பதினெட்டு வீட்டின் கதவும் தெரிந்திருந்தது.

உணவைக் கொண்டு செல்லும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். பச்சைச் சட்டையிலும் இளஞ்சிவப்புச் சட்டையிலும் மோட்டார் சைக்கிளில் பறக்கும் அவர்களுள் நம் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பலர். சாலை விளக்கில் நிற்கும்போது தலைக்கவசத்துக்குள்ளிருந்து "வணக்கம், டீச்சர்!" என்ற குரல் வரும். மகிழ்ச்சியாகவும் இருக்கும், மழை நாளில் வயிற்றைக் கலக்கவும் செய்யும். 2025இல் நம் நாடாளுமன்றம் இத்தகைய தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்ட மசோதாவை நிறைவேற்றியது நல்ல செய்தி. அன்று காவடி சுமந்தவர் தாமே சமைத்தார், தாமே விலை சொன்னார். இன்று சுமப்பவர் சமைப்பதுமில்லை, விலை சொல்வதுமில்லை.

பெரியவரின் கடை இன்றும் நடக்கிறது. மேசைகள் மீண்டும் நிரம்பிவிட்டன. செயலியையும் விட்டுவிடவில்லை. மதியம் பதினொன்று முதல் இரண்டு வரை தட்டைக் கணினியை அணைத்துவிடுகிறார்கள். அந்த நேரம் இலைக்கு வருபவர்களுக்கு மட்டும். இந்த ஏற்பாட்டைச் சொன்னது மகள், ஒப்புக்கொண்டது அப்பா. இருவருக்கும் இதில் எவ்வளவு வாக்குவாதம் நடந்தது என்பதைப் பாத்திரம் கழுவும் அக்கா எனக்குச் சொன்னார். அதனை எழுதினால் எனக்கு அங்கே மோர் கிடைக்காது!

சென்ற வெள்ளிக்கிழமை மாலை அங்கே அமர்ந்திருந்தேன். தட்டைக் கணினி ஒலித்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். சைவச் சாப்பாடு ஒன்று, வெங்காயம் வேண்டாம், உப்பு குறைவாக. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்தன. அவர் அதனைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "பச்சை வீட்டு அக்காதான்! ரசம் இன்னொரு பை சேர்த்துக் கட்டு" என்று குரல் கொடுத்தார். "எப்படி ஐயா தெரியும்?" என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை, வெங்காயம் இல்லாம, உப்புக் குறைச்சலா வேற யாரு டீச்சர் கேப்பா? மகன் வீட்டோட போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த மகன்தான் போட்டிருப்பான்" என்றார். வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. வாயிலில் காத்திருந்த இளைஞன் பையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டான்.